கொசுறுக்கு விலை கிடையாது

முதல் விலைக்குச் சரி என்று சொல்கிறவன் ஒன்று கடவுளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையை மூடப் போகிறவனாக இருக்க வேண்டும் என்பது பால்துரை அண்ணாச்சியின் கட்சி. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டி, கயிறு, வலை, மிதவை, நங்கூரச் சங்கிலி விற்கிற கடை அவருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. தருவைகுளத்திலிருந்து வேம்பார் வரைக்கும் படகு வைத்திருக்கிறவர்கள் அவரிடம் கயிறு வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, கயிறு கிடைத்த சந்தோஷத்தைவிட ஆள் தப்பி வந்த சந்தோஷம்தான் முகத்தில் தெரியும். கல்யாணத்தன்று போதகர், “இவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளுகிறாயா?” என்று கேட்டபோதுகூட அண்ணாச்சி ஒரு மூச்சு நேரம் பேசாமல் நின்றார். பெண் வீட்டார் பதறிப்போனார்கள். அவருக்கு மனத்தில் தயக்கம் எதுவும் இல்லை. கேட்டவுடன் சொல்லிவிட்டால் மதிப்பில்லை என்கிற பழக்கம்தான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இன்று சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. பாட்டு இல்லையென்றால் மனைவி இல்லை.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை, மனைவி அற்புதமணி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், எதிர்சாரியில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருக்கும் இனிகோ தார்ப்பாய்க்குக் கயிறு வாங்க வந்தான். வந்தவன் கண், உள்ளே அடுக்களை வாசலை ஒட்டிய அலமாரியில் இருந்த பாட்டுப் பெட்டியில் விழுந்தது. பென் டிரைவ் செருகினால் பாடும் பெட்டி. “இது வெலைக்கு வருமா அண்ணாச்சி?” என்று சும்மா கேட்டு வைத்தான். அண்ணாச்சிக்கு ரத்தம் சூடாகிவிட்டது. விலை பேச ஆள் கிடைத்துவிட்டால், பேசப்படும் பொருள் தன்னுடையதா, தன் மனைவியுடையதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். ஏறி இறங்கி, முறுக்கி முகம் திருப்பி, கடைசியில் படிந்தது. தூக்கும்போது இனிகோ, “பக்கத்துல கெடக்க அந்த ரெண்டு கறுப்புப் பெட்டியையும் கொசுறாப் போடும்” என்றான். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடக் கொசுறாக வந்த குட்டிப் பெட்டிகள் அவை. எதற்கென்றே தெரியாமல் தூசி படிந்து கிடந்தன. கொசுறாய் வந்தது கொசுறாய்ப் போகிறது, நட்டமில்லை என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். பென் டிரைவை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார், அது பேச்சில் வராத பொருள் என்பதால்.

அந்தப் பென் டிரைவில் இருந்தது சபைப் பாடகர் குழு பாடிய கீர்த்தனை. அதில் முதல் சரணம் அற்புதமணி தனியாகப் பாடியது. விடிந்ததும் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். கூட்டம் முடிந்து வந்தவள் வெறும் அலமாரியைப் பார்த்தாள்.

“நல்ல வெல வந்துச்சு, அற்புதம்.”

“எனக்கு எவ்வளவு வந்தா என்னையக் குடுப்பிய?”

“யாரு கேக்கா?” என்றார் அண்ணாச்சி.

வியாபாரத்தில் அது சரியான பதில். வாங்குகிறவன் யாரென்று தெரியாமல் எந்த மடையனும் விலை சொல்ல மாட்டான். ஆனால் அற்புதமணி வியாபாரம் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு சாத்தான்குளத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

இன்று காலையில்தான் போன் செய்தாள்.

“சாயங்காலப் பஸ்ஸில வாரேன். படியில கால் வைக்கும்போது நான் பாடுன பாட்டு கேக்கணும். கேக்கலன்னா செருப்பக் கழட்ட மாட்டேன். அதே பஸ்ஸு திரும்பிப் போகும்லா, அதுல ஏறிருவேன். பெறவு கிறிஸ்மஸ் வரைக்கும் அண்ணன் வீடுதான்.”

“நாளைக்குன்னு வச்சுக்கலாமே அற்புதம்?”

“அப்ப மத்தியானப் பஸ்ஸில வாரேன்.”

“ஏளா, சாயங்காலமே வா, சாயங்காலமே வா!”

“ம். இனி ஒரு வார்த்த பேசுனா இப்பமே கெளம்பிருவேன்.” வைத்துவிட்டாள். அவளும் பனங்கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர் மகள்தான்.

பெட்டியைத் திருப்பி வாங்கலாம் என்று பார்த்தால், இனிகோ அதை மறுநாளே ஒரு லாரி டிரைவருக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். அது இப்போது ஆந்திராவுக்கு நிலக்கரியோடு பாடிக்கொண்டே போய்க்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்கு மனைவி போன துக்கத்தோடு அந்தக் கூடுதல் விலையும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது. அவரிடம் இருப்பதோ பட்டன் போன். டச் போன் வைத்திருந்தால் ஊரில் இருக்கிறவனெல்லாம் விலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வான் என்று அவர் அதை வாங்கவேயில்லை. கடைசியில் கண்ணில் பட்டது மேசையில் இருந்த கம்ப்யூட்டர். பாட்டும் பாடும் என்று என்றைக்கோ ஜெமி சொன்ன ஞாபகம்.

ஜெமி நாசரேத்துப் பெண். கடையில் பில் போடுகிறவள். இன்று பார்த்து அக்காள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தாள். அண்ணாச்சி பென் டிரைவைச் செருகினார். பாட்டின் பெயர் வந்தது. இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு பலகை விரிந்தது. அதில் ஒரு கோடு நகர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ஜெமிக்குப் போன் போட்டார். “பாட்டு ஓடுது ஜெமி. ஆனா வரல.”

“ஓடுதுன்னா ஓடுதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி, வரலன்னா வரலன்னு சொல்லுங்க.”

“கோடு நவுருது. நம்பர் ஓடுது. பாடத்தான் மாட்டேங்கு.”

“அதுல இருக்க பிளேயர் பழசு. வேற ஒண்ணு இறக்கிப் போடுங்க. பேரு சொல்லுதேன். கேக்குததுக்கெல்லாம் ஓகே, ஓகேன்னு அமுக்கிட்டே போங்க. அண்ணே, அந்த மயில் கழுத்து கலரைக் காட்டுங்க.”

“மயில் கழுத்தா? இங்கன நீலமும் வெள்ளையும்தான் இருக்கு.”

“ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி!”

அவள் சொன்ன பெயரை ஒற்றை விரலால் குத்திக் குத்தித் தேடினார். வந்தது. முழுக்க இலவசம் என்று போட்டிருந்தான். அண்ணாச்சி சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். சும்மா தருகிறவன் திருப்பி எதை எடுக்கப் போகிறான் என்பது தெரியாமல் ஒரு பொருளில் கை வைக்கலாமா? வேறு வழியில்லாமல் இறக்கினார். உடனே ஓர் ஒப்பந்தம் விரிந்தது, பக்கம் பக்கமாக. அடியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம், ‘ஏற்கவில்லை’ என்று ஒரு கட்டம்.

கேட்டதற்கெல்லாம் ஓகே அமுக்கச் சொல்லிவிட்டாள். சின்னப்பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி ‘ஏற்கவில்லை’ என்பதை அமுக்கினார்.

‘நிச்சயமாக வெளியேறுகிறீர்களா?’ என்று கேட்டது.

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா, எறங்கி வாரான்!” கெத்தாக ‘ஆம்’ என்று தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல ரோட்டைப் பார்த்தார். கடையை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால், பின்னாலிருந்து ‘அண்ணாச்சி, வாங்க, பேசுவோம்’ என்று குரல் வர வேண்டும். காலங்காலமாக அதுதான் முறை. நிலக்கரி லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. இன்னொன்று போனது. கம்ப்யூட்டர் கூப்பிடவேயில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். பலகையையே காணோம். கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்படி ஒரு வியாபாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஏற்கிறேன்’ என்றார். அடுத்ததாக ஒரு கேள்வி வந்தது: கூடவே வானிலை சொல்லும் சாமானையும் சும்மா போடட்டுமா? அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அட, இவனுக்கும் கொசுறு போடத் தெரிகிறதே! கொசுறை வேண்டாம் என்று சொன்ன பாவம் அவர் பரம்பரையில் யாருக்கும் கிடையாது. சரி என்றார். கம்ப்யூட்டருக்குள் குப்பை கூட்டும் சாமான்? அதற்கும் சரி. கடைச்சரக்கு தேடித் தரும் பட்டை ஒன்று? போடு. பத்து நிமிஷத்தில், எங்கோ பனி கொட்டும் ஒரு பட்டணத்தின் குளிர், தூத்துக்குடி வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணெதிரே வந்து நின்றது. குப்பை கூட்ட வந்தவனோ வந்ததும் வராததுமாக, உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான குறைகள் என்று சிவப்பில் கூவினான். “சரக்குல கொற சொல்லி வெலயக் கொறைக்கப் பாக்கான்” என்று அண்ணாச்சி அவனை மதிக்கவேயில்லை.

கடைசியில் புது பிளேயர் திறந்தது. திறந்ததும் கேட்டது: இனி எல்லாப் பாட்டுக்கும் நானே இருக்கட்டுமா?

முதல் நாளே மொத்த ஏஜென்சி கேட்கிறான்! ‘இல்லை’ என்றார். ‘இனி இதைக் கேட்க வேண்டாம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதையும் தொடவில்லை. கேட்காதே என்று ஒரு வியாபாரியிடம் சொல்வதுபோல அவமரியாதை உண்டா? கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பாட்டைத் தட்டினார். நீலத்திலும் ஊதாவிலும் அலை அலையாய் எழும்பி ஆடியது. ஊமைக் கூத்து. சத்தம் மட்டும் இல்லை.

ஒருவனை நம்பினால் ஏறிக்கொள்வான் என்று இன்னொரு பிளேயரை இறக்கினார். அவனும் மொத்த ஏஜென்சி கேட்டான். அவனோடு ஒரு சீட்டாட்டமும் கொசுறாக வந்தது. இப்போது எதைத் தட்டினாலும் பழையவனும் சேர்த்து மூன்று பேரும் முண்டியடித்து, நானா, நானா என்று கேட்டார்கள். மீன் ஏலத்தில் மூன்று தரகர்களுக்கு நடுவே ஒற்றைச் சீலா மாட்டியதுபோல அந்தப் பாட்டு முழித்தது. அண்ணாச்சி மூவரையும் ஓடவிட்டு, எவன் முதலில் பாடுகிறானோ அவனுக்கே தொழில் என்று முடிவு செய்தார். வட்டமாய் வளைந்த அம்புக்குறி ஒன்றைக் கண்டார். அது எதற்கென்று தெரியாவிட்டாலும் மூன்றிலும் அமுக்கி வைத்தார். ஒருவனும் வாய் திறக்கவில்லை. மேசைக்கு அடியில் இருந்த பெரிய பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். காற்றாடி சுற்றும் சத்தம்தான் வந்தது. மிதவை வாங்க வந்த ஒரு தருவைகுளத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, நாடி பாக்கியளா? பொழைக்குமா?” என்று கேட்டுச் சிரித்தார். அண்ணாச்சி அவரிடம் விலைகூடப் பேசாமல் மிதவையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் பயந்துகொண்டே போனார்.

வெயில் சாய ஆரம்பித்தது. மறுபடி ஜெமி.

“மூணு பேரு வந்து ஒக்காந்திருக்கானுவ ஜெமி. ஒருத்தன் வாயிலயும் சத்தம் இல்ல.”

“மூணா? எதுக்கு அண்ணாச்சி மூணு?”

“போட்டி இருந்தாத்தான வேல நடக்கும்!”

“அண்ணாச்சி, ஸ்பீக்கர்ல சவுண்டைக் கூட்டி வச்சியளா?”

“எந்த ஸ்பீக்கரு?”

“கம்ப்யூட்டர் வாங்கும்போது கூட வந்துச்சே, ரெண்டு கறுப்புப் பெட்டி. அடுக்களை வாசல் அலமாரில, ஒங்க வீட்டு அக்கா பாட்டு கேக்குத செட்டுக்குப் பக்கத்துல எடுத்து வச்சிருந்தேனே. அது வழியாத்தான் சத்தமே வரும். அதுல பச்சை முனை இருக்கும், கம்ப்யூட்டர் பின்னால பச்சை ஓட்டை இருக்கும். அதுல செருகணும். அண்ணாச்சி? கேக்கியளா? லைன் கட்டாயிட்டா?”

லைன் கட்டாகவில்லை. அண்ணாச்சியின் கண்தான் வெறும் அலமாரிக்குப் போயிருந்தது. அப்படியென்றால் காலையிலிருந்து எல்லாரும் பாடிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பாடியதை வெளியே விடும் வாயைத்தான் அவர் வெள்ளிக்கிழமையே கொசுறாகப் போட்டுவிட்டார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். இனிகோ டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கறுப்புப் பெட்டிகள் இரண்டும் மேசைமேல், பிஸ்கட் பாட்டில்களுக்கு அடியில், பலகைபோல நின்றன.

“ஏ இனிகோ, அந்தப் பெட்டி எதுக்குவே ஒனக்கு?”

“எதுக்கும் இல்ல அண்ணாச்சி. பாட்டில் ஒசரமா நிக்கி. பாக்க எடுப்பா இருக்கு.”

“அப்ப குடுத்துரு.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேண்டும் என்பதை முகத்தில் காட்டிவிட்டார். இனிகோவின் கையில் டீ பாதி ஆற்றலில் நின்றது. கயிற்றுக்காகத் தன்னை எத்தனையோ தடவை வெயிலில் நிறுத்திய மனிதர் இதோ வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார் என்பதை அவன் நிதானமாகப் பார்த்தான்.

“சரிவே, வெல சொல்லு.”

“கொசுறுக்கு எங்கன அண்ணாச்சி வெல? நீரு சும்மாதான போட்டீரு? சும்மா வந்தத நான் காசுக்கு வித்தா மாதாவே மன்னிக்க மாட்டா.”

“அப்ப சும்மா தா.”

“சும்மா தந்தா அது தர்மம். ஒமக்குத் தர்மம் போடுத அளவுக்கு நான் வளந்துட்டனா?”

“பெறவு என்னதாம்வே செய்யச் சொல்லுத?”

“கொசுறா வந்தது கொசுறாத்தான் போகணும். நீரு எதையாவது வாங்கும், கூடப் போட்டுத் தாரேன்.”

அதில் குற்றம் கண்டுபிடிக்க அண்ணாச்சியால் முடியவில்லை. அவருடைய வாதத்தையே எடுத்து அவருக்கே அளந்து போடுகிறான். “ஒரு டீ குடு” என்றார்.

“ஒரு டீக்கு ரெண்டு பெட்டி கொசுறா? ஒரு முழம் கயிறு வாங்குனா நீரு நங்கூரம் போடுவீரா?”

கண்ணாடி அலமாரியில் பருப்பு வடை மலையாய்க் குவிந்திருந்தது. சாயங்கால லாரிக்காரர்களுக்காகப் போட்டது. இனிகோ அதைப் பார்த்தான். அண்ணாச்சியும் பார்த்தார்.

“பாதி” என்றார் அண்ணாச்சி.

“முழுசும்.”

“முழுசும்னா சட்னி?”

“சட்னி கொசுறு.”

“பெட்டி?”

“பெட்டி சட்னிக்குக் கொசுறு.”

முக்குத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. சாத்தான்குளம் பஸ். அண்ணாச்சி வடைக் கூடையை ஒரு கையிலும், சட்னித் தூக்கை விரலிலும், பெட்டிகளை அக்குளிலுமாக அள்ளிக்கொண்டு ஓடினார். சட்னி வேட்டியில் சிந்தியது. மேசைக்குப் பின்னால் தலையை விட்டுப் பச்சை ஓட்டையைத் தேடினார். வலைக்குள் மாட்டிய நண்டுபோலக் கம்பிகள். பச்சை அகப்பட்டது. முனையைச் செருகினார். இன்னொரு கம்பியும் தொங்கியது. அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல், பென் டிரைவ் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இருந்த துளையில் திணித்தார். பெட்டியில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தைப் பாட்டு என்று சொல்வதா, கலவரம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. மூன்று பிளேயரும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு இடத்திலிருந்து பாடின. ஒன்றில் அற்புதமணி முதல் சரணத்தை ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் பாடகர் குழு முழுவதும் பல்லவியில் முழங்கியது. மூன்றாவதில் பாட்டு முடிந்து ஆமென் சொல்லி, வளைந்த அம்புக்குறியின் புண்ணியத்தில் மறுபடி தலையிலிருந்து தொடங்கியது. நடுநடுவே குப்பை கூட்டுகிறவன் டிங், டிங் என்று மணியடித்துக் குறை சொன்னான். டீக்கடையிலிருந்து லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

படிக்குக் கீழே அற்புதமணி நின்றாள். தோளில் பை. காலில் செருப்பு. பின்னால் பஸ், திரும்பிப் போகிற நடைக்கு ஆள் ஏற்றியபடி உறுமிக்கொண்டு நின்றது.

“உள்ள எத்தன அற்புதமணி இருக்கா?”

“மூணு” என்றார் அண்ணாச்சி, மேசைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி.

“எதுக்கு மூணு?”

“ஒருத்தனையே நம்புனா ஏறிக்கிருவான்லா.”

“ஒருத்திய வச்சே ஒங்களால காலம் தள்ள முடியல. ரெண்டை நிறுத்துங்க.”

நிறுத்தினார். ஒவ்வொன்றும், நிச்சயமாகவா என்று கேட்டது. ஒவ்வொன்றிடமும் ஆம் என்றார். குப்பை கூட்டுகிறவனையும் விரட்டினார். எஞ்சி நின்ற ஒரே பிளேயர், இதுதான் சமயம் என்று, இனி எல்லாப் பாட்டுக்கும் நானே இருக்கட்டுமா என்று மறுபடி கேட்டது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். அற்புதமணி அசையாமல் நின்றாள். ‘ஆம்’ என்று அமுக்கினார். கலவரம் அடங்கி, முதல் சரணம் மட்டும் தெளிவாக, ஒற்றைக் குரலில் ரோடுவரைக்கும் வந்தது. லாரிக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். காலமெல்லாம் அடுக்களைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குரல் இத்தனை நன்றாக இருக்கும் என்று அண்ணாச்சி நினைத்ததில்லை. வெள்ளிக்கிழமை இனிகோவிடம் இன்னும் கூட விலை கேட்டிருக்கலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்து அடக்கினார்.

சரணம் முடிந்தது. அவள் படியேறவில்லை.

“பாட்டு கேட்டாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு. இனிமே இந்த வீட்டுல இருக்க ஒரு சாமானையும் என்னையக் கேக்காம விக்கக் கூடாது. ஒரு கரண்டியக்கூட.”

அண்ணாச்சியின் வாயில் பதில் தானாக ஊறியது. அடுக்களைச் சாமானுக்கு ஒப்புக்கொள்ளலாம், முன்கட்டுச் சாமான் வேறு கணக்கு, உடைந்த சாமான் இரண்டிலும் சேராது. பாதியில் ஆரம்பித்து முக்காலில் முடிக்கலாம். அப்போது பஸ் டிரைவர் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். அற்புதமணி தோள்பையைச் சரிசெய்தாள்.

“சரி” என்றார் அண்ணாச்சி.

அற்புதமணி அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

“சரியா?”

“சரி.”

“யோசிக்காமலா சொல்லுதிய?”

“சரின்னா சரிதான், உள்ள வாளா. வட ஆறுது.”

பஸ் நகர்ந்து போய்விட்டது. அற்புதமணி ஒரு செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தாள். மறுகால் செருப்போடு அப்படியே நின்றாள். நெற்றி சுருங்கியிருந்தது. கண்கள் அவர் முகத்தில் எதையோ தேடின. அந்தப் பார்வை அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். ஏமாந்துவிட்டோமோ என்று கயிற்றுச் சுருளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவர்களின் பார்வை அது. இப்போது என்ன சொல்ல வேண்டும், ஒரு தடவை மறுத்துவிட்டுத் திரும்பச் சரி சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் வடைக் கூடையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஏங்க” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “நான் கொறச்சுக் கேட்டுட்டனோ?”